இரண்டாவது அழைப்பு: மேடையை விட்டு இறங்கிய பிறகு செய்ய வேண்டியவை

பேச்சுப் பயிற்சி என்றதும் நமக்குக் குரல், உச்சரிப்பு, கதை சொல்லும் முறை, மேடை அச்சம் இவைதான் நினைவுக்கு வரும். எல்லாம் தேவைதான். ஆனால் இந்தப் பாடம் பேச்சு முடிந்து, பொன்னாடையை மடித்துப் பையில் வைத்து, வீட்டுக்குக் கிளம்பிய பிறகு தொடங்குகிறது.

பயிற்சிக்கு வரும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, ஒரு தடவை கூப்பிட்டாங்க. நல்லாத்தான் பேசினேன். கைதட்டுனாங்க. செயலாளர் வந்து கையக் குலுக்கிட்டுப் போனார். அதுக்கப்புறம் ஒரு வருஷமாச்சு, ஆளே கூப்பிடல. ஏன்?"

இதற்கு என்னால் கொஞ்சம் பதில் சொல்ல முடியும். நானும் மேடை ஏறுகிறவன்தான். ஆனால் அதைவிட அதிக காலம் மேடைக்குக் கீழே நின்றிருக்கிறேன். பிறை வட்டாரத்தில் கோயில் விழாக் குழுவிலும் தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் இருந்தபோது, "பேச்சாளரை நீ பார்த்துக்க" என்று அந்த வேலை என் தலையில்தான் விழும். அதனால் இந்தப் பாடத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன்.

1. குழுக் கூட்டத்தில் என்ன நடக்கிறது?

நவராத்திரிக்கு ஒன்பது இரவு. தினமும் இருபது நிமிட உரை வைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவாகிறது. மணி இரவு பத்தாகிவிட்டது. அன்னதானம் யார், கூடாரம் யார், ஒலிபெருக்கி யார் என்று ஒரு மணி நேரம் பேசி எல்லாரும் களைத்துப் போயிருக்கிறார்கள். தலைவர் கேட்கிறார்: "பேச யார் இருக்கா?"

அந்த நேரத்தில் யாரும் போன வருட உரைகளை நினைத்துப் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை. கைப்பேசியை எடுத்துப் புலனத்தில் பெயர்களைத் தேடுகிறோம். யார் பெயர் உடனே கிடைக்கிறதோ, யாரால் தொந்தரவு வராது என்று தெரிகிறதோ, அந்தப் பெயர்தான் முதலில் வாயில் வரும்.

ஒரு முறை இரண்டு இளைஞர்கள் எங்கள் நவராத்திரியில் பேசினார்கள். ஒருவர் அருமையான பேச்சாளர். கூட்டம் சிரித்தது, கண் கலங்கியது. இன்னொரு தம்பி சுமாராகத்தான் பேசினார். ஆனால் அவர் பேசி முடித்ததும் ஒரு சிறுமி, "சரஸ்வதி கையில் ஏன் வீணை?" என்று கேட்டாள். "நேரமாயிடுச்சு பாப்பா, பதில எழுதி அனுப்புறேன்" என்றார். மேடையில் எல்லாரும் சொல்வதுதான் இது. அவர் மூன்றாம் நாள் காலையில் ஒரு பக்கத்தில் எளிய தமிழில் பதில் எழுதி எனக்கு அனுப்பிவிட்டார். அதை அச்செடுத்துச் சமய வகுப்பில் ஒட்டினோம். மறுவருடம் கூட்டத்தில் முதலில் வந்தது அந்தத் தம்பியின் பெயர். "அந்த வீணைப் பையன்" என்றுதான் ஒரு அக்கா சொன்னார், பெயர்கூட நினைவில்லை. அருமையாகப் பேசியவரை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் பெயர் அந்த இரவில் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கைதட்டல் கொடுப்பவர்கள் கேட்போர். அழைப்பு கொடுப்பவர் ஏற்பாட்டாளர். இருவரும் வேறு வேறு ஆட்கள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் மண்டபத்தில்கூட இருப்பதில்லை. சமையல்கட்டில் சாதம் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் உரையைப் பற்றி அவர்களுக்குத் தெரிவதெல்லாம் உரைக்கு முன்னும் பின்னும் நீங்கள் நடந்துகொண்ட விதம்தான்.

2. பினாங்கு வழியாகப் போன ஒரு பேச்சாளர்

இந்தப் பாடத்துக்கு நமக்குத் தெரிந்த பெரிய எடுத்துக்காட்டு சுவாமி விவேகானந்தர். 1893 மே 31-ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங் வழியாக ஜப்பான் போனார். ஜூலை 10-ஆம் தேதி யோகோஹாமாவிலிருந்து சென்னை நண்பர்களுக்கு எழுதிய கடிதத்தில் நம் பினாங்கையும் குறிப்பிடுகிறார். பணம் திரட்டித் தன்னை அனுப்பிய நண்பர்களுக்கு வழியிலேயே விவரம் எழுதுகிறார் பாருங்கள். அந்தப் பழக்கம் கடைசிவரை தொடர்ந்தது.

சிகாகோ உரையை நாம் எல்லாரும் பள்ளிப் போட்டிகளில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அந்த உரைக்கு முன்னும் பின்னும் நடந்ததைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

ஜூலை இறுதியில் சிகாகோ போய்ச் சேர்ந்தபோது இரண்டு சிக்கல்கள். சர்வ சமய மாநாடு செப்டம்பரில்தான் கூடும். முறையான அறிமுகக் கடிதம் இல்லாதவருக்கு அங்கே இடமும் இல்லை. கையில் பணம் கரைந்துகொண்டே இருந்தது. செலவு குறையும் என்று பாஸ்டன் பக்கம் போனார். அங்கே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் அறிமுகமானார். மாநாட்டுக் குழுவுக்கு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அந்த ஒரு மனிதர் இல்லாவிட்டால் செப்டம்பர் 11-ஆம் தேதி மேடை கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம்.

மாநாடு செப்டம்பர் 27-ஆம் தேதி முடிந்தது. சுவாமிஜி ஒரே இரவில் பத்திரிகைகள் பேசும் ஆளாகிவிட்டார். அக்டோபர் 2-ஆம் தேதி, மாநாடு முடிந்து ஐந்தே நாளில், பேராசிரியர் ரைட்டுக்குக் கடிதம் எழுதுகிறார். இத்தனை நாள் எழுதாததற்கு வருத்தம் தெரிவித்து, மாநாட்டில் என்ன நடந்தது என்று விவரம் சொல்கிறார். அதே மாதம் 26-ஆம் தேதி மறுபடியும் ஒரு கடிதம். தனக்குக் கதவு திறந்தவருக்கு, உள்ளே என்ன நடந்தது என்று தெரிவிக்கும் பண்பு அது.

அடுத்த ஆண்டு அவர் பெயரைக் கெடுக்கச் சிலர் முனைந்தார்கள். இவர் உண்மையில் இந்துக்களின் பிரதிநிதிதானா என்று கேள்வி எழுப்பினார்கள். அப்போது சுவாமிஜி இரண்டு காரியம் செய்தார்.

ஒன்று, 1894 மே மாதம் கேத்ரி மன்னரின் கடிதம் முதலானவற்றைப் பேராசிரியர் ரைட்டுக்கு அனுப்பிவைத்தார். தன்னை நம்பிக் கையெழுத்திட்டவர் தலைகுனியக் கூடாது என்ற அக்கறை.

இரண்டு, அதற்கு முன்பே ஏப்ரல் 9-ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து சென்னை அளசிங்கப் பெருமாளுக்கு எழுதினார். அளசிங்கர் பச்சையப்பன் கல்வி நிலையத்து ஆசிரியர். சுவாமிஜியின் பயணத்துக்கு வீடு வீடாகப் பணம் திரட்டியவர். சென்னையில் பெரிய கூட்டம் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றி, அதை மாநாட்டுத் தலைவர் டாக்டர் பாரோஸுக்கும் அமெரிக்கப் பத்திரிகைகளுக்கும் அனுப்பச் சொன்னார். சென்னையில் கூட்டம் நடந்தது. கடல்வழி அஞ்சல் காலம் அது. அந்தச் செய்தி கைக்கு வர மாதக்கணக்கில் காத்திருந்தார்.

இப்போது அழைப்புகளின் சங்கிலியைப் பாருங்கள். 1894 கோடையில் சாரா ஃபார்மர் என்ற அம்மையார் மேய்ன் மாநிலத்தில் கிரீனேக்கர் என்னுமிடத்தில் நடத்திய சமயக் கூட்டங்களுக்குப் போகிறார். அங்கே புரூக்ளின் நீதிநெறிச் சங்கத்தின் தலைவர் டாக்டர் லூயிஸ் ஜேன்ஸின் பழக்கம் கிடைக்கிறது. அவர் அழைப்பில் 1894 டிசம்பர் 30-ஆம் தேதி புரூக்ளினில் பேசுகிறார். ஒரு உரைக்கு அழைத்த சங்கம் 1895-இல் தொடர் உரைகளுக்கே ஏற்பாடு செய்தது. மாநாடு தந்த புகழ் ஒருமுறை கிடைத்தது. அதன் பிறகு கிடைத்த மேடைகள் மனிதருக்கு மனிதர் வளர்ந்த நம்பிக்கையால் வந்தவை.

இன்னொரு பக்கமும் உண்டு. மாநாட்டுக்குப் பிறகு ஒரு சொற்பொழிவு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஊர் ஊராகப் பேசினார். ஒரு உரையில் 2,500 டாலர் வசூலாகித் தன் கைக்கு வந்தது 200 டாலர்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். 1894-இல் அந்த நிறுவனத்தை விட்டு விலகினார். 1895-இல் நியூயார்க்கில் வகுப்புகளைக் கட்டணம் இல்லாமல் நடத்தத் தொடங்கினார். பணத்தைப் பற்றி நான் பிறகு சொல்லப்போவதற்கு இது முக்கியம்.

சுவாமிஜியைச் சன்மானத்துக்காக அலைந்த பேச்சாளர் ஆக்குவதற்காக இதை எழுதவில்லை. அவர் நோக்கம் வேறு, உயரம் வேறு. ஆனால் நன்றி சொல்வதும், விவரம் தெரிவிப்பதும், நம்பியவர் பெயரைக் காப்பதும் துறவிக்கே தேவைப்பட்டது என்றால், பிறை தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை முடித்துவிட்டுப் பேச ஓடிவரும் நமக்குத் தேவையில்லையா?

3. நாள் கணக்கு: எப்போது என்ன செய்வது?

நான் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கும் வரிசை இது. கஷ்டம் ஒன்றும் இல்லை. தவறாமல் செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

அன்றே. கிளம்புவதற்கு முன் உங்களை அழைத்தவரைத் தேடிப் போய் விடைபெறுங்கள். அவர் சமையல்கட்டில் இருந்தால் அங்கே போங்கள். ஒலிபெருக்கி பார்த்த தம்பிக்கும் நாற்காலி அடுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு நன்றி. நேரம் இருந்தால் நாலு நாற்காலி மடித்துக் கொடுங்கள். வீட்டுக்குப் போனதும் ஒரு செய்தி அனுப்புங்கள். நீளம் வேண்டாம். மாதிரிக்கு:

"வணக்கம் ஐயா. இன்றைய நிகழ்ச்சிக்கு அழைத்ததற்கு நன்றி. பிள்ளைகள் கடைசி வரிசைவரை அமைதியாகக் கேட்டார்கள், அதற்கு உங்கள் குழுவின் உழைப்புதான் காரணம். அந்த மாணவி கேட்ட கேள்விக்குப் பதிலை வியாழக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறேன்."

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. நன்றி, அந்த நிகழ்ச்சியில் கண்ணால் பார்த்த ஒன்று, கொடுத்த வாக்கு. "நன்றி ஐயா" என்று எழுதி இரண்டு கைகூப்பும் படம் போட்டால், அது இருபது பேர் அனுப்பும் செய்தியோடு கலந்துவிடும்.

ஒரு வாரத்துக்குள். உரையின் சாரத்தை ஐந்தாறு வரியில் எழுதி அனுப்புங்கள். இது ஏற்பாட்டாளருக்கு எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? ஒவ்வொரு சங்கமும் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு நடவடிக்கை அறிக்கை தயாரிக்க வேண்டும். செயலாளர் பல மாதங்களுக்குப் பிறகு உட்கார்ந்து, "அன்னிக்கு அந்தத் தம்பி என்ன தலைப்புல பேசுனாரு?" என்று மண்டையைச் சொறிவார். உங்கள் ஐந்து வரி அப்படியே அறிக்கையில் ஏறும், உங்கள் பெயரோடு. நான் செயலாளருக்கு உதவிய ஆண்டுகளில் இப்படி எழுதி அனுப்பியவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள்.

அதே செய்தியில் ஒரு கேள்வி கேளுங்கள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள். நம்ம ஆளுங்க மரியாதைக்கு "ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி" என்றுதான் சொல்வார்கள். "எந்த இடத்துல பிள்ளைங்க கவனம் சிதறுச்சு?" என்று கேளுங்கள். உண்மையான பதில் வரும். அந்தப் பதிலுக்கு விளக்கம் சொல்லி வாதாடாமல், குறித்துக்கொண்டு நன்றி சொல்லுங்கள்.

அதன் பிறகு, சும்மா இருங்கள். வாரா வாரம் புலனத்தில் காலை வணக்கம், பொன்மொழி, உங்கள் சொந்தக் காணொளி என்று அனுப்பினால், ஏற்பாட்டாளர் உங்கள் பெயரைப் பார்த்ததும் திறக்காமலே தள்ளிவிடுவார். பிறகு முக்கியமான செய்தி அனுப்பும்போதும் அதே கதிதான்.

பருவம் வருவதற்கு இரண்டு மாதம் முன். இங்கேதான் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. நம் சமய வாழ்க்கைக்கு நாள்காட்டி உண்டு. தையில் பூசம், மாசியில் சிவராத்திரி, பங்குனி உத்திரம், ஆடித் திருவிழா, ஆவணியில் விநாயகர் சதுர்த்தி, புரட்டாசியில் நவராத்திரி, ஐப்பசியில் தீபாவளியும் கந்த சஷ்டியும், மார்கழியில் திருவெம்பாவை. தமிழ்ப்பள்ளிக்கு ஆண்டுத் தொடக்கம், ஆசிரியர் தினம், பரிசளிப்பு விழா. இடைநிலைப்பள்ளிக்கு எஸ்.பி.எம். தேர்வுக்கு முன் தன்முனைப்பு உரை. தொழிற்சாலைகளுக்குத் தீபாவளி விருந்து, அதற்கு அறிவிப்பாளர் வேண்டும். யாருக்கு எப்போது ஆள் தேவைப்படும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். குழு கூடுவதற்கு முன் உங்கள் செய்தி அவர் கையில் இருக்க வேண்டும். கூட்டம் முடிந்து அழைப்பிதழ் அச்சான பிறகு "எனக்கும் ஒரு வாய்ப்பு கொடுங்க" என்று கேட்டால், பாவம், அவர் என்ன செய்வார்?

மாதிரிச் செய்தி:

"வணக்கம் அக்கா. சென்ற ஆண்டு நவராத்திரியில் ஐந்தாம் இரவு பேசியது நினைவிருக்கும். அந்த ஆண்டு பிள்ளைகள் அதிகம் வந்ததாகச் சொன்னீர்கள். இந்த ஆண்டு பிள்ளைகளுக்கென்றே ஒரு உரை தயாரித்திருக்கிறேன்: அபிராமி பட்டர் கதை, இருபது நிமிடம், கடைசியில் மூன்று கேள்வியும் உண்டு. தேவைப்பட்டால் சொல்லுங்கள். வேறு ஏற்பாடு செய்திருந்தாலும் பரவாயில்லை, விழாவுக்கு எப்படியும் வருவேன்."

கவனியுங்கள், இதில் "எனக்கு வாய்ப்பு வேண்டும்" என்ற வார்த்தை இல்லை. உங்களுக்கு இது தேவைப்படலாம், என்னிடம் இது இருக்கிறது, அவ்வளவுதான். கடைசி வரியை உண்மையாகவே எழுதுங்கள். அழைக்காவிட்டாலும் விழாவுக்குப் போங்கள். பேசும் நாளில் மட்டும் கோயிலில் தெரிகிற முகத்தை எந்தக் குழுவும் மறுபடி தேடாது.

பதில் வராவிட்டால். இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பருவத்துக்கு விட்டுவிடுங்கள். பதில் இல்லாததற்கு உங்களைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. குழு மாறியிருக்கலாம், நிதி இல்லாமல் இருக்கலாம், அந்த வீட்டில் ஏதாவது துக்கம் இருக்கலாம். பொதுக்கூட்டத்தில் பொறுப்பாளர்கள் மாறும்போது உங்களைத் தெரிந்தவர் விலகிவிடுவதும் நடக்கும். ஆகவே ஒவ்வொரு இடத்திலும் ஒருவரையாவது கூடுதலாகத் தெரிந்து வைத்திருங்கள்.

4. முடியாத நாளில் செய்ய வேண்டியது

இது பலர் யோசிக்காத இடம். அழைப்பு வருகிறது, அன்று உங்களுக்கு இரவு ஷிப்ட். "முடியாதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டால், ஏற்பாட்டாளர் மறுபடி பட்டியலின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். அதற்குப் பதிலாக, "எனக்கு அன்னிக்கு வேலை இருக்குங்க ஐயா. நம்ம இயக்கத்துல ஒரு தங்கச்சி இதே தலைப்புல நல்லாப் பேசுவாங்க, கேட்டுச் சொல்லட்டுமா?" என்று சொல்லுங்கள். அந்தத் தங்கையிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகு எண்ணைக் கொடுங்கள்.

"என் இடத்தை அவங்க பிடிச்சுட்டா?" என்று ஒரு தம்பி என்னைக் கேட்டார். என் அனுபவத்தில் நடப்பது வேறு. அடுத்த முறை ஏற்பாட்டாளர் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவார். ஏனென்றால் உங்களைக் கூப்பிட்டால் ஒன்று நீங்கள் வருவீர்கள், இல்லை ஆள் கிடைக்கும். அவருக்குப் பிரச்சினை தீர்ந்தது. நமக்கும் ஒரு புதிய பேச்சாளர் மேடை ஏறுகிறார். நம் வட்டாரத்துக் கோயில்களில் தமிழில் சமயம் பேச ஆள் குறையாமல் இருக்க வேண்டுமானால், இப்படித்தான் ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஏற்ற வேண்டும்.

5. பணம் பேசலாமா?

பேசலாம். முன்கூட்டியே பேச வேண்டும். இது நம் பிள்ளைகள் வெட்கப்பட்டுத் தடுமாறும் இடம்.

முதலில் உங்களுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோயில், சமய வகுப்பு, முதியோர் இல்லம் இவற்றுக்குப் பேசுவது சேவை. உறையில் என்ன கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும், முகம் மாறக் கூடாது. நிறுவன விருந்து, கட்டணம் வாங்கி நடத்தும் பயிலரங்கு, திருமண வரவேற்பில் அறிவிப்பாளர் பணி இவை தொழில். அங்கே சன்மானம் கேட்பது தப்பே இல்லை. தாதியாகப் படிக்கும் ஒரு தங்கை வார இறுதியில் அறிவிப்பாளராக நின்று தன் பேருந்துச் செலவையும் புத்தகச் செலவையும் பார்த்துக்கொள்கிறார் என்றால், அது பெருமைக்குரிய உழைப்பு.

தொழில் என்றால் ஒப்புக்கொள்ளும்போதே தொகையைச் சொல்லிவிடுங்கள். பாலம் தாண்டித் தீவுக்குப் போவதானால் டோல், பெட்ரோல் சேர்த்தா தனியா என்றும் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம், பணம் எப்போது, யார் கையில் என்பதையும் புலனத்தில் எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். "பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் பிறகு மனத்துக்குள் புழுங்குவதுதான் உறவைக் கெடுக்கும். சுவாமிஜி கதையில் பார்த்தோம்: நடுவில் ஒருவர் இருந்து பங்கு போடும் ஏற்பாட்டில், யாருக்கு எவ்வளவு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை.

பணம் தாமதமானால்? நன்றிச் செய்தியில் அதைச் சேர்க்காதீர்கள். அது வேறு, இது வேறு. சொன்ன தேதி தாண்டி ஒரு வாரம் கழித்துப் பொருளாளருக்குத் தனியாக எழுதுங்கள்: "வணக்கம் ஐயா, இன்ன தேதி நிகழ்ச்சிக்கான சன்மானம் பற்றி நினைவுபடுத்துகிறேன். வங்கிக் கணக்கு விவரம் கீழே." குழுவில் எல்லாரும் பார்க்கும்படி போட்டு அவரை அவமானப்படுத்த வேண்டாம். மூன்று முறை கேட்டும் வரவில்லையென்றால், அடுத்த முறை அந்த இடத்துக்கு முன்பணம் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஊரெல்லாம் பேசித் திரியவும் வேண்டாம்.

6. ஒரு நோட்டுப் புத்தகம்

இத்தனையும் தலையில் வைத்திருக்க முடியாது. ஒரு வெள்ளிக்கோ இரண்டு வெள்ளிக்கோ ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு உரைக்கும் ஒரு பக்கம். தேதி, இடம், அழைத்தவர் பெயர், தலைப்பு, சொன்ன கதைகள், யார் வந்திருந்தார்கள், என்ன வாக்குக் கொடுத்தேன், அடுத்து எப்போது எழுத வேண்டும். இவ்வளவு போதும்.

சொன்ன கதைகளை ஏன் எழுத வேண்டும் என்கிறீர்களா? ஒரே கோயிலில் ஒரே நகைச்சுவையை இரண்டாவது வருடமும் சொன்னால், முன் வரிசைப் பாட்டி நீங்கள் முடிப்பதற்கு முன் சிரித்துவிடுவார். சுவாமிஜியின் உரைகள் பலவும் இன்று நம் கையில் இருப்பதற்குக் காரணம், 1895 இறுதியில் நியூயார்க்கில் அவரிடம் வந்து சேர்ந்த சுருக்கெழுத்தாளர் குட்வின். அவர் 1898-இல் நம் தமிழ்நாட்டு உதகமண்டலத்தில் காலமானார். நமக்குக் குட்வின் கிடைக்க மாட்டார், நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

திரும்பத் திரும்ப ஒரே மேடையில் பேசுவதற்கும் நம் மரபில் பெரிய முன்மாதிரி உண்டு. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31-ஆம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை, சைவப் பிரசங்கம் தொடங்கினார். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் என்று நிலைத்தது. அவரும் நண்பர் கார்த்திகேச ஐயரும் மாறி மாறிப் பேசினார்கள். ஒரே கோயில், ஒரே கிழமை, இரண்டு பேச்சாளர்கள். ஊருக்கு நாள் தெரியும், பேசுகிறவருக்குத் துணை உண்டு. நம் கோயில் ஒன்றில் மாதம் ஒரு வெள்ளி இரண்டு இளைஞர்கள் மாறி மாறிப் பேசுகிறோம் என்று நிர்வாகத்திடம் நாமே போய்ச் சொன்னால், இரண்டாவது அழைப்புக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமே இருக்காது.

7. வள்ளுவர் வைத்த வரிசை

திருக்குறளை எடுத்து அதிகாரத் தலைப்புகளை மட்டும் பாருங்கள். 72-ஆவது அதிகாரம் அவையறிதல். 73-ஆவது அவையஞ்சாமை. அஞ்சாமல் பேசுவதற்கு முன் அவையை அறியச் சொல்கிறார். நாம் மேடை அச்சத்தைப் போக்கத்தான் மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறோம். அவையைக் கூட்டியவர் யார், அவருக்கு என்ன கவலை என்று அறிய ஒரு நாளாவது செலவு செய்கிறோமா?

இன்னும் முன்னால் போங்கள். 10-ஆவது அதிகாரம் இனியவை கூறல். அடுத்ததே 11, செய்ந்நன்றியறிதல். இனிமையாகப் பேசியாயிற்று, அடுத்து என்ன என்று கேட்கிறவருக்குப் பதில் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. இந்தப் பாடம் முழுவதையும் இந்த இரண்டு தலைப்புகளுக்குள் அடக்கிவிடலாம்.

மேடை கேட்டுக் கெஞ்சுவது வேறு, தொடர்பைப் பேணுவது வேறு. கெஞ்சுகிறவர் தன் தேவையைச் சொல்கிறார். பேணுகிறவர் எதிரில் இருப்பவரின் பாரத்தைக் கொஞ்சம் தன் தோளில் வாங்கிக்கொள்கிறார். ஏற்பாட்டாளருக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும். நான் அந்த நாற்காலியில் இருந்தவன், சொல்கிறேன்.

பயிற்சி

1. கடந்த ஓராண்டில் நீங்கள் பேசிய, அறிவிப்பு செய்த, திருமுறை ஓதிய இடங்களைப் பட்டியல் இடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அழைத்தவர் பெயர் எழுத முடிகிறதா?

2. அந்தப் பட்டியலில் நிறைவேற்றாத வாக்கு ஏதும் இருந்தால் இந்த வாரமே நிறைவேற்றுங்கள். தாமதத்துக்கு ஒரு வரி வருத்தம் போதும்.

3. அடுத்த மூன்று மாதத்தில் வரும் ஒரு விழாவைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வட்டாரத்துக் கோயிலுக்கோ பள்ளிக்கோ ஏற்ற ஓர் உரையின் தலைப்பு, நேரம், யாருக்கானது என்று மூன்று வரியில் எழுதி, அனுப்பும் முன் நண்பர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள்.

குழுக் கலந்துரையாடலுக்கு

சேவையாகப் பேசும் இடத்துக்கும் தொழிலாகப் பேசும் இடத்துக்கும் நடுவே உங்கள் கோடு எங்கே? கோயில் நிகழ்ச்சிக்கு வெளியூர்ப் பேச்சாளருக்குச் சன்மானம் கொடுத்து, உள்ளூர் இளைஞருக்குக் கொடுக்காமல் விட்டால் நாம் என்ன சொல்ல வேண்டும், யாரிடம், எப்படிச் சொல்ல வேண்டும்? இதைக் குழுவில் பேசும்போது கோயில் நிர்வாகத்தில் இருக்கும் மூத்தவர் ஒருவரையும் அழைத்து உட்கார வையுங்கள். அவர் பக்கத்தையும் கேளுங்கள். அவர் வந்து பேசிவிட்டுப் போன பிறகு, அன்றிரவே அவருக்கு நன்றிச் செய்தி அனுப்பப்போவது யார் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.